வரப்போடு நின்றுவிடும் சட்டம்

கொட்டிவாக்கத்துச் சமையலறைகளில் காலிஃபிளவர் நேராக வாணலிக்குப் போவதில்லை. பூவைப் பிய்த்து, கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை அலசிய பிறகுதான் தாளிப்பு. உள்ளே ஒளிந்திருக்கும் புழு செத்து மிதக்கும் என்று அம்மாக்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம். இப்போது புழு மிதப்பதில்லை. "ஒரு புழுகூட இல்லையே" என்று முன்பு சந்தோஷமாகச் சொன்னவர்கள், அதையே இன்று கவலையோடு சொல்கிறார்கள். புழுவே தங்க முடியாத அளவுக்கு அதில் என்ன அடித்திருப்பார்கள் என்ற கவலை.

காயின் மேல் படிந்த மருந்தில் ஒரு பகுதியை ஓடும் தண்ணீர் கழுவிவிடும். ஆனால் செடியின் சாற்றோடு சேர்ந்து தண்டு, இலை, காய் என்று எல்லா இடத்துக்கும் போகிற 'ஊடுருவிப் பாயும்' மருந்துகளை மஞ்சள் தண்ணீரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு பக்கம் மீனவர் குப்பம், மறுபக்கம் அடுக்குமாடிகள், நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை. ஊராட்சியாக இருந்து 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த கொட்டிவாக்கத்தில் வயல் கிடையாது. சாப்பிடும் காய்கறி முழுக்க வெளியிலிருந்து வருகிறது. பெரும்பகுதி கோயம்பேடு வழியாக. அந்தக் காய்க்கு எந்த ஊரில், யார், என்ன மருந்தை, எத்தனை நாள் முன்பு அடித்தார் என்பது தள்ளுவண்டிக்காரருக்கும் தெரியாது, மொத்த வியாபாரிக்கும் தெரியாது. அதனால்தான் இந்தப் பகுதியில் இயற்கை அங்காடிகளுக்கு வாடிக்கையாளர் சேர்ந்தார்கள். மாடித் தோட்டத்துப் பைகளில் வெண்டையும் கத்தரியும் முளைத்தன. வசதி உள்ளவர்கள் தங்களுக்கென்று ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். அரசு எல்லோருக்குமாக என்ன வழி செய்து வைத்திருக்கிறது?

சட்டங்கள் இருக்கின்றன. அவை எங்கே தொடங்கி எங்கே நிற்கின்றன என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

பால்டாயில் என்ற சொல்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் எந்தப் பூச்சிமருந்துக்கும் 'பால்டாயில்' என்று ஒரு பொதுப்பெயர் உண்டு. ஃபாலிடால் என்ற வணிகப் பெயரின் மரூஉ அது. புட்டிக்குள் இருந்த ரசாயனத்தின் பெயர் பாராதியான். இந்தியாவில் பூச்சிக்கொல்லிகளுக்கு ஒரு சட்டம் வந்ததற்குக் காரணமே இந்தப் பாராதியான்தான்.

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் மக்கள் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். கப்பலில் கோதுமை மாவும் பாராதியானும் அருகருகே ஏற்றி வரப்பட்டிருந்தன. மருந்து கசிந்து மாவில் இறங்கியிருந்தது. நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். விசாரணை ஆணையத்துக்குப் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி ஜே.சி. ஷா தலைமை ஏற்றார். பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியாகி, 1977-இல் நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த அதே ஷாதான். அந்தச் சாவுகள் தூண்டிய சட்டம் வந்து சேரப் பத்தாண்டு பிடித்தது: பூச்சிக்கொல்லிகள் சட்டம், 1968. விதிகள் 1971-இல் வந்தன.

பாராதியானின் உடன்பிறப்பான மெத்தில் பாராதியானை மத்திய அரசு தடை செய்தது 2018-இல். முதல் சாவுகளுக்கும் அந்த ஆணைக்கும் நடுவே சரியாக அறுபது ஆண்டுகள்.

கப்பல், கிடங்கு, ஆலை, கடை என்று 1958-இல் விஷம் வந்த வழியையே அந்தச் சட்டமும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒரு மருந்தை இந்தியாவில் விற்க வேண்டுமானால் முதலில் ஃபரிதாபாத்தில் இருக்கும் பதிவுக் குழுவிடம் பதிவு செய்ய வேண்டும். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, ஏக்கருக்கு எவ்வளவு, அடித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதெல்லாம் அங்கே முடிவாகி லேபிளில் ஏறும். தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் மாநில அரசின் உரிமம் வேண்டும். வேளாண்மை அலுவலர்கள் ஆய்வாளர்களாகக் கடைக்குப் போய் மாதிரி எடுக்கலாம், சரக்கை முடக்கலாம், வழக்கும் போடலாம்.

விவசாயி காசு கொடுத்துப் புட்டியை வாங்கிப் பைக்குள் போட்டதும் சட்டம் விலகிக்கொள்கிறது. 38-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: சொந்த வீட்டு உபயோகம், வீட்டுக் காய்கறித் தோட்டம், ஒருவர் தாமே பயிரிடும் நிலம் ஆகியவற்றில் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கொட்டிவாக்கத்து மாடித் தோட்டத்துக்கும் விலக்கு; திண்டுக்கல்லின் கத்தரி வயலுக்கும் விலக்கு.

அடுத்த சட்டம், 2006-இன் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம். ஒவ்வொரு உணவிலும் ஒவ்வொரு மருந்தின் எச்சம் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற உச்சவரம்பை இதன் கீழ் நிர்ணயிக்கிறார்கள். வரம்பு தனியாகக் குறிக்கப்படாத மருந்துக்குப் பொதுவாக ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் கணக்கு. மசாலாப் பொருள்களில் சில மருந்துகளுக்கு இதை 2024-இல் பத்து மடங்கு தளர்த்தியபோது நாடெங்கும் சர்ச்சை கிளம்பியது. கடுமையான சட்டம்தான். ஆனால் அதன் 18-ஆம் பிரிவு, விவசாயிக்கும் மீனவருக்கும் பண்ணை வேலைகளுக்கும் வயலிலேயே இருக்கும் விளைச்சலுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று விலக்கு அளிக்கிறது.

ஆக, ஒரு சட்டம் உரக்கடை வாசலில் முடிகிறது. இன்னொன்று சந்தை வாசலில் தொடங்குகிறது. எந்த மருந்தை எப்போது எவ்வளவு அடிப்பது என்று முடிவாகும் வயல் இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. விவசாயியைத் தண்டிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் கொடுத்த விலக்குகள் இவை. கடனோடும் மழையோடும் போராடுபவரை வழக்கு வாய்தா என்று அலைய விடக் கூடாதுதான். ஆனால் தண்டனையை விலக்கிய இடத்தில் துணைக்கு ஒரு ஆளை நிறுத்தியிருக்க வேண்டும். அதை யாரும் செய்யவில்லை.

டேங்குக்கு எவ்வளவு?

அந்த இடத்தில் இன்று நிற்பவர் உரக்கடைக்காரர். "எந்த மருந்துக்கும் கேக்க மாட்டேங்குதுண்ணே, நல்லா கேக்குற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று பூச்சி அரித்த இலையோடு வந்து நிற்கும் விவசாயிக்கு அவர்தான் மருத்துவர், மருந்தாளர், பல நேரம் கடன் கொடுப்பவரும்கூட. அறுவடை முடிந்து பணம் தருகிறவர், கொடுத்த மருந்தை மறுத்துப் பேச முடியாது. மாநில வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஏக்கருக்கு இவ்வளவு என்று இருக்கும். கடையில் பேச்சு 'டேங்குக்கு ரெண்டு மூடி' என்றுதான் நடக்கும். ஒன்றுக்கு இரண்டாக மருந்துகளைக் கலந்து அடிப்பதும் சாதாரணம்.

விற்பவருக்கு வேளாண்மை அல்லது வேதியியல் சார்ந்த கல்வித் தகுதி வேண்டும் என்ற விதி வெகு தாமதமாகத்தான் வந்தது. ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்களுக்காக அதன் கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ் போதும் என்று தளர்வும் கிடைத்தது. ஆய்வாளராக இருக்கும் வேளாண்மை அலுவலரோ விதை, மானியம், பயிர்க் காப்பீடு, இழப்புக் கணக்கெடுப்பு என்று பத்து வேலைகளுக்கு நடுவே மாதிரி எடுக்க வேண்டியவர்.

லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம் நஞ்சின் அளவைச் சொல்லும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்பு என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள்ளேயே உயிரைப் பறிக்கக்கூடியது. எழுத்துப் படிக்காதவருக்கும் புரியட்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் கடையில் பேச்சு எழுவது நிறத்தைப் பற்றி அல்ல, 'கேக்குமா, கேக்காதா' என்பதைப் பற்றி. சிவப்புக்குச் சீக்கிரம் கேட்கும் என்ற பெயர் சேர்ந்துவிட்டால், எச்சரிக்கை விளம்பரமாகிவிடுகிறது.

இன்னொரு சிக்கல் பயிரின் சுபாவத்திலேயே இருக்கிறது. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். முற்றினால் சந்தையில் விலை இல்லை. லேபிள் ஒரு வாரம் பொறு என்றால் விவசாயி நடுவில் மூன்று பறிப்பை இழப்பார். கத்தரியும் ஏறக்குறைய இப்படித்தான். கீரை, முருங்கை போன்றவற்றுக்கு முறையாகப் பதிவான மருந்துகள் மிகக் குறைவு என்பதால், வேறு பயிருக்குப் பதிவானதையே எடுத்து அடிக்கிறார்கள். இந்த விவசாயி பேராசைக்காரர் அல்ல. விதிகளை எழுதியவர்கள் அவருடைய பறிப்புக் கணக்கைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

2015-இல் தமிழகக் காய்கறிகளில் மருந்து எச்சம் அதிகம் என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை சொன்னபோது பெரிய சர்ச்சை எழுந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குத் தினமும் லாரி போகிறது. பலரின் பிழைப்பு அதில் இருக்கிறது. தமிழக அரசு குற்றச்சாட்டை மறுத்தது. இரண்டு மாநிலங்களின் மானப் பிரச்சினையாகப் பேசப்பட்டதில், அதே தோட்டத்துக் காய் சென்னைக்கும்தான் வருகிறது என்பது பேச்சில் அடிபடவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலைக்குக் கூடுதல் சோதனை விதித்ததும் தனிக்கவனத்தோடு விளைவிக்கும் ஏற்றுமதியாளர்கள் உருவானார்கள். பாசுமதி அரிசியில் எச்சம் இருந்தால் வெளிநாடு திருப்பி அனுப்பிவிடும் என்பதால் பஞ்சாப் அரசு 2023-இல் பத்து மருந்துகளுக்குத் தற்காலிகத் தடை போட்டது. வாங்குபவர் வெளிநாட்டில் இருந்தால் வயல்வரை கண்காணிப்பு போகிறது. கொட்டிவாக்கத்தில் இருந்தால் போகவில்லை.

மோனோகுரோட்டோபாஸ்: ஒரு மருந்தின் வரலாறு

ஒரே ஒரு மருந்தைப் பின்தொடர்ந்தால் இந்தக் கட்டுப்பாட்டின் வேகம் தெரியும்.

மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு முக்கோண மருந்து. இலங்கை இதை 1995-இலேயே தடை செய்தது. இந்தியா 2005-இல் காய்கறிகளுக்கு மட்டும் அடிக்கக் கூடாது என்றது. பருத்திக்கும் மற்றவற்றுக்கும் கடையில் தாராளமாகக் கிடைத்தது. பருத்திக்கென்று வாங்கிய புட்டி பக்கத்துப் பாத்தியின் கத்தரிக்குப் போகாமல் தடுப்பது யார்? 2009-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இதன் பாதிப்பைப் பற்றித் தனி ஆய்வறிக்கையே வெளியிட்டது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாப்ரா அருகே ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் இந்த மருந்து இருந்தது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் மூச்சிலும் தோலிலும் நஞ்சு ஏறி இறந்தார்கள். அந்த ஆண்டே நம் பெரம்பலூர்ப் பருத்திக் காடுகளிலிருந்தும் அப்படிச் சாவுச் செய்திகள் வந்தன. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிகளுக்கு நடுவே காற்றுக்கு எதிராக நடந்தவர்கள் அவர்கள்.

2023-இல் தமிழ்நாடு அரசு, தற்கொலைகளைத் தடுப்பதற்காக மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளின் விற்பனைக்குத் தடை விதித்தது. எத்தனை நாளுக்கு? அறுபது. சட்டத்தின் 27-ஆம் பிரிவு மாநிலத்துக்குக் கொடுத்திருப்பது அவ்வளவுதான். அறுபது நாள், நீட்டித்தால் இன்னும் முப்பது நாள். யவத்மால் சாவுகளுக்குப் பிறகு மகாராஷ்டிரம் போட்டதும், பாசுமதிக்காகப் பஞ்சாப் போட்டதும் இதே அறுபது நாள் தடைதான். நிரந்தரமாகத் தடுக்கும் அதிகாரம் டெல்லியிடம் இருக்கிறது. வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ள துறை. சொந்த மண்ணில் எந்த நஞ்சு விற்கலாம் என்ற முடிவு மட்டும் மாநிலத்தின் கையில் இல்லை.

டெல்லியிலோ, 66 மருந்துகளைப் பரிசீலிக்க அனுபம் வர்மா குழு 2013-இல் அமைந்தது. அதன் வழியாக 2018-இல் 18 மருந்துகளுக்குத் தடை வந்தது. 2020 மே மாதம் இன்னும் 27 மருந்துகளைத் தடை செய்யும் வரைவு வந்தது. நிறுவனங்கள் எதிர்த்தன, மறுபரிசீலனைகள் நடந்தன. 2023 செப்டம்பர் இறுதியில் வெளியான ஆணையில் தடைப் பட்டியலில் இருந்தவை நான்கே. அவற்றில் ஒன்று மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதக் கரைசல். இலங்கைக்கு 28 ஆண்டுகள் பின்னால். 1968 சட்டத்தை மாற்றப் புதிய மசோதாக்கள் 2008-இலும் 2020-இலும் நாடாளுமன்றம்வரை வந்ததோடு நின்றுவிட்டன.

அந்த 28 ஆண்டுகளை உயிர்க்கணக்காகவும் பார்க்கலாம். 1990-களின் நடுவில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாக நீக்கிய பிறகு அது சுமார் 70 சதவீதம் குறைந்தது. 1995 முதல் 2015 வரை ஏறக்குறைய 93,000 உயிர்கள் தப்பின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆத்திரத்தில் கை நீளும் தூரத்தில் சிவப்பு முக்கோணம் இல்லாமல் போனதுதான் காரணம். விளைச்சல் அதனால் சரியவில்லை.

அதே தீவு 2021-இல் வேறொரு பாடம் கற்றது. அந்த ஏப்ரலில் அதிபர் கோட்டாபய ராஜபக்ச ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதி அனைத்தையும் ஒரேயடியாக நிறுத்துவதாக அறிவித்தார். மாற்று உரம் தயாராக இல்லை, விவசாயிகளுக்குப் பயிற்சி இல்லை, அவகாசமும் இல்லை. நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. அடுத்த பெரும்போகத்தில் நெல் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. எந்த மருந்து ஆளைக் கொல்கிறது என்று ஆராய்ந்து, மாற்று இருப்பதைப் பார்த்து, படிப்படியாக நீக்கியது முதல் முறை. இரண்டாவது முறை எதையும் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மையைப் பேசுபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

யூரியா மூட்டையும் பூச்சியும்

பூச்சி அதிகமாக வருவதற்கு உரமும் ஒரு காரணம். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், இலை மென்மையாகும், புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் அங்கேதான் முதலில் இறங்கும். பிறகு மருந்து.

யூரியா ஏன் மிஞ்சுகிறது? விலைதான் காரணம். 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய். 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். 2010-இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்குச் சத்து அடிப்படையிலான மானிய முறையைக் கொண்டுவந்த மத்திய அரசு, யூரியாவை மட்டும் பழைய விலைக் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டது. மற்றவற்றின் விலை ஏற ஏற, கையில் இருக்கும் காசுக்கு யூரியா என்று ஆனது. 2022-23-இல் நாட்டின் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது.

1985-இன் உரக் கட்டுப்பாட்டு ஆணை தரத்தைக் கவனிக்கிறது: மூட்டையில் எழுதிய சத்து உள்ளே இருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்க்கலாம். மானிய யூரியா ஒட்டுப்பலகைப் பசைக்கும் வேறு ஆலைகளுக்கும் போவதைத் தடுக்க 2015 முதல் முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்படுகிறது. 2018 முதல் விற்பனை முனைக் கருவியில் ஆதாரும் கைரேகையும் வைத்துத்தான் மூட்டை. இவை நல்ல ஏற்பாடுகள். இருந்தும் சம்பா நடவு நேரத்தில் டெல்டாவின் கூட்டுறவுச் சங்க வாசல்களில் வரிசை நிற்கிறது. தனியார் கடைகளில் 'யூரியா வேணும்னா இதையும் சேர்த்து வாங்கு' என்று வேண்டாத பொருளைத் தலையில் கட்டுகிறார்கள் என்ற புகாரும் ஆண்டுதோறும் வருகிறது. கருவியில் யார் எத்தனை மூட்டை வாங்கினார் என்ற கணக்கு ஏறுகிறது. அவர் மண்ணுக்கு எத்தனை மூட்டை தேவை என்று எதுவும் கேட்பதில்லை.

சென்னைவாசிக்கு உரத்தின் முகம் தெரிவது வடக்கே. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, தூக்கத்திலிருந்த பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். அதே கடலோரத்தின் தெற்கில்தான் கொட்டிவாக்கம் குப்பமும் இருக்கிறது.

ஒரு குளவி செய்த வேலை

வயலுக்குள் அறிவு போனால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. உடல்மீது மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாக ஏறாது. விவசாயிகள் மாற்றி மாற்றி அடித்து ஓய்ந்தார்கள். மல்பெரிக்கு அடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும் என்பது இன்னொரு துயரம். 2010-இல் மத்திய ஆய்வு நிறுவனம் புவெர்ட்டோ ரிகோவிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டது. பூச்சி அடங்கியது, மருந்துச் செலவு நின்றது.

இதை எந்தத் தடையும் செய்யவில்லை. ஒரு பல்கலைக்கழகமும் களத்துக்குப் போன அலுவலர்களும் செய்தார்கள். இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல் என்று கத்தரிக்கும் வெண்டைக்கும் செய்ய வேண்டியவை பல்கலைக்கழகத்தின் ஏடுகளில் பல ஆண்டுகளாக இருக்கின்றன. 2023-இல் மாநில அரசு இயற்கை வேளாண் கொள்கையும் வெளியிட்டது. உரக்கடைக்காரர் கடன் புத்தகத்தோடு நிற்கும் அந்த இடத்தில், விற்பதற்கு எதுவும் இல்லாத ஒரு வேளாண் அலுவலர் தினமும் நிற்க வேண்டும். செலவு ஆகும்தான். இரண்டரை லட்சம் கோடி மானியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பெரிய தொகையாக இராது.

அதுவரை கொட்டிவாக்கத்துக்காரருக்கு என்ன வழி? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு அதிகம் பேருக்குத் தெரியாது. கட்டணம் செலுத்தி, தான் வாங்கிய உணவை எந்த நுகர்வோரும் அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். சோதிக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் இருக்கிறது. கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு ஆட்டோ தூரம்தான். அறிக்கை தரப் பகுப்பாய்வாளருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசம் 14 நாள். காலிஃபிளவர் குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும்.